பச்சையுடம்பும் வெயிலும்

தோ பாயோ அடுக்குமாடிகளில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் சிங்கப்பூர்த் தாய்மார் பலருக்கு வைட்டமின் டி போதவில்லை. 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, இக்குறை கருவுற்ற சீனப் பெண்களைவிட மலாய், இந்தியப் பெண்களிடம் மிகுதி எனக் கண்டது.

காரணம் யாது? புற ஊதாக் கதிர் பட்டால் தோலே இச்சத்தை ஆக்கிக்கொள்ளும். கருநிறத் தோலிலுள்ள மெலனின் அக்கதிரைக் குறைக்கும். சன்னல் கண்ணாடியும் தடுக்கும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வீட்டோடிருப்பதும் நம் வழக்கமன்றோ?

இச்சத்துக் குறைந்த தாய்மாரிடம் பேறுகாலத்துக்குப் பின் மனச்சோர்வு மிகுதி என்று சில ஆய்வுகள் கூறும். வேறு சில அத்தொடர்பைக் காணவில்லை. சத்துக் குறைவால் சோர்வா? சோர்ந்தவள் வெளியே வராமையால் சத்துக் குறைவா? கோழி கூவும் வேளையில் பொழுது விடிகிறது. கோழி கூவியதால் விடிவதில்லை. இரண்டும் ஒருங்கே நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

ஆகவே குறையிருப்பின் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை உண்க. அதுவே மனச்சோர்வுக்கு மருந்தென்று இருந்துவிடலாகாது. சோர்வை அறிய, 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்கள் உதவும். அழுகையும் உறக்கமின்மையும் இரு வாரம் நீடித்தால், "பச்சையுடம்பு, தானே சரியாகும்" என்னாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. தன்னையோ குழந்தையையோ வருத்தும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தற்க.