நாலாவது வாரத்துச் சமையல்

சம்பளம் வந்த முதல் வாரத்தில் வஞ்சிர மீனையும் காலிபிளவரையும் தேடுகிற கண், நாலாவது வாரத்தில் நெத்திலியையும் முருங்கைக்கீரையையும் தேடுகிறது. எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான் இது. அந்தச் சமயம் பார்த்து விருந்தாளி யாராவது வந்துவிட்டால், "மாசக் கடைசி பாருங்கள், ஏதோ இருந்ததை வைத்துச் சமைத்தேன்" என்று மன்னிப்புக் கேட்கும் தோரணையில் இலை போடுகிறோம். ஆனால் அந்த நாலாவது வாரத்துச் சாப்பாடுதான் உடம்புக்கு அதிக ஊட்டம் தருவது என்றால் நம்புவீர்களா? சந்தேகமாக இருந்தால், ஒரு கூடையை எடுத்துக்கொண்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பரந்து கிடக்கிறது இந்த மார்க்கெட். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை நேரு வீதிக்கு துய்ப்ளேக்ஸ் வீதி என்று பெயர். 1954-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி அவர்கள் நிர்வாகத்தை விட்டுப் போனார்கள். புதுவையின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரால் 'குபேர் அங்காடி' என்று சர்க்கார் காகிதங்களில் இருந்தாலும், ஊர் ஜனங்களின் வாயில் இது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான்.

புதுவை இல்லத்தரசிகளுக்கு இந்த மார்க்கெட் கணக்கு ரொம்ப முக்கியமாகிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2015 செப்டம்பரில், ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணமாகப் போடும் திட்டத்தைச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கினார்கள். அரிசி வந்தால் உலையில் போட்டுவிடலாம். பணம் வந்தால் யோசிக்க வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது என்கிற பொறுப்பு முழுக்க வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்தது. 2024-ல் ரேஷன் கடைகள் மறுபடியும் திறந்துவிட்டன. ஆனாலும் அரிசி மட்டும் இருந்தால் சாப்பாடு ஆகிவிடுமா? சோற்றோடு சேர வேண்டியதையெல்லாம் மார்க்கெட்டில்தானே வாங்கியாக வேண்டும்?

கீரைக்காரம்மாவிடம் முதலில்

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமினாக உடம்பில் மாறும் பொருளும் அதில் ஏராளம். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி எல்லாமே இந்த விஷயத்தில் இங்கிலீஷ் காய்களுக்கு இளைத்தவை அல்ல. பொழுது சாய்ந்தால் கட்டுக்கீரை வாடத் தொடங்கும், விலையும் இறங்கும். "ரெண்டு கட்டா எடுத்துக்கோம்மா, குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்று அவர்களே கூப்பிடுவார்கள். வாடினாலும் பரவாயில்லை, அழுகல் மட்டும் இல்லாமல் பார்த்து வாங்க வேண்டும்.

முள்ளங்கியும் பீட்ரூட்டும் வாங்கும்போது தழையைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழங்கைவிடத் தழையில்தான் சத்து அதிகம். பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்தால் வித்தியாசமே தெரியாது. கீரை எதுவானாலும் ஒரு ஸ்பூன் எண்ணெயாவது சேருங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் அந்த 'ஏ' வைட்டமின் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

ஆப்பிள் கடையைத் தாண்டிப் போனால் கொய்யாக் கூடை இருக்கும். ஆரஞ்சைவிட நாலு மடங்குக்கு மேல் 'சி' வைட்டமின் உள்ள பழம் கொய்யா. நெல்லிக்காயும் அப்படித்தான். 1940-ம் வருஷத்தை ஒட்டி ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் வந்து, ஜனங்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டபோது, நெல்லிக்காயைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள்.

தானியக் கடையும் மல்லாட்டையும்

2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நல்ல காரியம்தான். ஆனால் அதன் பிறகு தினையும் சாமையும் வர்ணப் பொட்டலங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அரிசியைவிட அதிக விலை கேட்கின்றன. சிக்கனக்காரர்கள் அவற்றுக்காக ஏங்க வேண்டியதில்லை. கேழ்வரகும் கம்பும் போதும். பொட்டலத்து மாவாக வாங்காமல், முழுத் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். தவிடும் உங்களுக்கே, காசும் மிச்சம்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது ஏறக்குறைய 300 மில்லி பாலில் உள்ளதற்குச் சமம். தானியத்தில் உள்ளது அத்தனையும் உடம்பில் ஒட்டிவிடாது என்பதும் உண்மைதான். முளைகட்டினாலோ, கூழுக்குப் புளிக்க வைத்தாலோ கூடுதலாக ஒட்டும். ஆடி மாதத்துக் கூழைக் கரைத்த நம் பாட்டிமார் இந்தச் சாஸ்திரத்தைப் படித்ததில்லை. செய்துகொண்டு மட்டும் இருந்தார்கள்.

வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுவைத் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் தேசத்து மார்ஸேய் நகரத்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. அங்கே எண்ணெயும் சோப்பும் செய்தார்கள். 100 கிராம் மல்லாட்டையில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. கோழிமுட்டைக் கணக்கில் பார்த்தால் நாலு முட்டை! முட்டைப் புரதம் தரத்தில் உயர்ந்ததுதான். ஆனால் மல்லாட்டையோ பயறோ தானியத்தோடு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. சோறும் பருப்பும் ஏன் ஜோடி சேர்ந்தன என்று இப்போது புரிகிறதல்லவா? தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது கைக்கணக்கு.

மீன் அங்காடியில் அந்தஸ்து

மீன் அங்காடியில்தான் அந்தஸ்து பார்க்கிற வழக்கம் அதிகம். வஞ்சிரத்துக்குக் கிடைக்கிற மரியாதை மத்திக்குக் கிடைப்பதில்லை. புரதத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் தாராளம். நெத்திலியைத் தலையைக் கிள்ளி முள்ளோடு சமைக்கிறோம். அந்த முள்ளே சுண்ணாம்புச் சத்து. வஞ்சிரத் துண்டின் முள்ளைத் தட்டோரம் ஒதுக்குகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அப்போது மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் முட்டையும் பயறும் கைகொடுக்கும். கருவாடும் உண்டு, வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழித்துச் சமைக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை ஒதுக்குவதே நல்லது.

சமையற்கட்டில் சிந்தும் காசு

மார்க்கெட்டில் நாலணாவுக்குப் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து எட்டணாவைச் சாக்கடையில் கொட்டுகிறோம் என்றால் கோபம் வருமோ? கேளுங்கள்.

1918-ம் வருஷம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய உட்கார்ந்தார். அவருடைய சின்ன ஆராய்ச்சிக்கூடம்தான் பிற்பாடு ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியே கதியாக இருந்த ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி நோய் அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களிடம் அபூர்வம். காரணம் என்ன? நெல்லைப் புழுக்கும்போது மேல்தோலில் உள்ள 'பி' வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

அப்படிப் பிழைத்த சத்தையும் நாம் நாலு தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவியும், கஞ்சியை வடித்துக் கொட்டியும் தொலைக்கிறோம். அரிசியை இரண்டு தண்ணீரில் மெதுவாக அலசினால் போதும். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம், குழம்பிலும் ஊற்றலாம். காயை நறுக்கிய பின் கழுவாமல், கழுவிய பின் நறுக்குங்கள். கீரையை மூடி, கொஞ்சம் தண்ணீரில் வேகவிடுங்கள். இதற்கெல்லாம் காலணா செலவில்லை.

கேழ்வரகு முருங்கைக்கீரை அடை

நாலு பேருக்கு: கேழ்வரகு மாவு இரண்டு தம்ளர், ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கை, சின்ன வெங்காயம் பதினைந்து, பச்சைமிளகாய் மூன்று, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த மல்லாட்டை அரைக் கை, உப்பு.

வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக நறுக்கி ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, கீரையைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். மாவும் உப்பும் மல்லாட்டையும் சேர்த்து, வெந்நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய வாழையிலையில் மெல்லியதாகத் தட்டி, கல்லில் போட்டு, மிதமான தீயில் இரு பக்கமும் வேகவிடுங்கள். எட்டு அடை வரும்.

தொட்டுக்கொள்ள முளைப்பயறு சுண்டல். பச்சைப் பயறு ஒரு தம்ளரைப் பகலில் ஊறவைத்து, இரவு ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். காய்ந்த பயறில் இல்லாத 'சி' வைட்டமின் முளைத்ததும் உண்டாகிறது. ஆவியில் லேசாக வேகவைத்துத் தாளித்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதற்கு அந்தப் புளிப்பு துணை. சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

கடைசித் தட்டு யாருடையது?

இத்தனை பாடுபட்டுச் சமைத்தாகிவிட்டது. யார் சாப்பிடுகிறார்கள்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53. புதுவையிலும் பாதிக்கு மேல். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டுமென்றால், பெண்ணுக்கு 29 வேண்டும் என்று 2020-ல் வகுத்திருக்கிறார்கள். மாதா மாதம் இழக்கும் ரத்தமே அதற்கு முக்கிய காரணம்.

நம் வீட்டு வழக்கமோ நேர்மாறு. கணவருக்கும் குழந்தைகளுக்கும் குழம்பில் இருந்த மீனும், கீரைப் பொரியலும். அம்மாவுக்கு அடிச்சோறும் ரசமும். "எனக்கென்ன, வீட்டில்தானே இருக்கிறேன்" என்று ஒரு சமாதானம். இது சிக்கனமே அல்ல. பிறகு மயக்கமும் மூச்சிரைப்பும் வந்து, சேர்த்து வைத்ததையெல்லாம் வைத்தியத்துக்குக் கொடுக்கிறோமே, அந்தச் செலவுக்கு முன்பணம்!

ஆகவே சகோதரிகளே, பரிமாறத் தொடங்கும் முன்பே உங்கள் பங்குக் கீரையையும் மீனையும் பயறையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். முடிந்தால் இரவிலாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடிக்கடி களைப்பும் தலைசுற்றலும் இருந்தால் கீரையை மட்டும் நம்பியிராமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் சொல்வார்.

அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு புறப்படுவீர்கள் அல்லவா? நாலாவது வாரத்துப் பட்டியலை முதல் வாரத்திலேயே வாங்கிப் பாருங்கள். விருந்தாளி வந்தால், மன்னிப்புக் கேட்காமல் கேழ்வரகு அடையைப் பரிமாறுங்கள். அவர் இன்னொன்று கேட்பார். ஆனால் உங்கள் பங்கை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்!