ஃபார்வர்டு மெசேஜும் 92 கிலோ சாட்டிலைட்டும்!

கடலூர் டு சிதம்பரம் பஸ். புதுச்சத்திரம் தாண்டினதும் பக்கத்து சீட் நண்பன் செல்போனை நீட்டினான். "மச்சி, இதைப் படி. பூமியோட காந்த நடுக்கோட்டுக்கு சென்டர் பாயின்ட் நம்ம சிதம்பரம் கோயில்தானாம்!"

இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். ஸ்கூல்ல படிக்கும்போது நானும் இதை நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணவன்தான். எங்க தெரு மாமா ஒருத்தர் அதை நம்பி விழா நோட்டீஸ்லயே அச்சடிச்சுட்டார். இன்ஜினீயரிங் சேர்ந்த பிறகுதான் செக் பண்ணிப் பார்த்தேன். செம பல்பு!

காந்த ஊசி மேலேயோ கீழேயோ சாயாமல், தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடங்களை இணைக்கும் கோடுதான் காந்த நடுக்கோடு. உலகத்தையே சுற்றி வரும் கோட்டுக்கு சென்டர் பாயின்ட் ஏது? அது நம் நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் வந்தது. 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. அதில் போன கருவி பிரான்ஸுடையது. தும்பாவை விட சிதம்பரம் 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது.

"அப்போ காந்தத்துல விசேஷமே இல்லையா?" நண்பன் முகம் சுருங்கிவிட்டது.

இருக்கு பாஸ்... தலைக்கு மேலே!

ஜீரோ சொன்ன பொய்

1958-ல் அமெரிக்கா அனுப்பிய எக்ஸ்ப்ளோரர்-1-ல், ஜேம்ஸ் வான் ஆலன் குழு கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுன்ட்டரை வைத்திருந்தது. உயரே போனதும் ரீடிங் திடீரென ஜீரோ! கருவி ரிப்பேரா? இல்லை. துகள்கள் எக்கச்சக்கமாக மோதியதில் எண்ண முடியாமல் திணறியிருக்கிறது. அடுத்து போன எக்ஸ்ப்ளோரர்-3 அதை உறுதி செய்தது. பூமியின் காந்தப்புலம் துகள்களைப் பிடித்து, இரண்டு பெல்ட்டுகளாகக் கட்டி வைத்திருக்கிறது. உள் பெல்ட்டில் புரோட்டான்கள் அதிகம். வெளி பெல்ட்டில் எலெக்ட்ரான்கள். சாட்டிலைட் சிப்களுக்கு இவைதான் வில்லன்.

ஸ்டூடன்ட்ஸ் சாட்டிலைட்

இந்தத் துகள் ஆட்டத்தை ஆராய இந்திய, ரஷ்ய மாணவர்கள் கைகோத்த சாட்டிலைட்தான் 'யூத்சாட்'. எடை 92 கிலோ. சூரியக் கதிர்வீச்சையும் துருவப் பகுதித் துகள்களையும் அளக்கும் 'சோல்ராட்' கருவி மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மற்ற இரண்டும் நம்ம ஊர்க் கருவிகள். ஒன்று மேல் வளிமண்டலத்தின் மெல்லிய ஒளியைப் பார்த்தது. இன்னொன்று ரேடியோ சிக்னல் அனுப்ப, திருவனந்தபுரம் முதல் டெல்லி வரை ஐந்து ஊர்களில் அதைப் பிடித்து, அயனி மண்டலத்தைப் படமாக்கினார்கள்.

லாஞ்ச் சமயம் டென்ஷன்தான். 2010-ல் ஏப்ரலில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் தோல்வி. அடுத்த சான்ஸ் பி.எஸ்.எல்.வி. சி-16. 2011 ஏப்ரல் 20, காலை 10.12. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. ரிசோர்ஸ்சாட்-2, சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-சாட், யூத்சாட்... மூன்றும் பத்திரமாக இறங்கின, சுமார் 820 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில்!

பெல்ட்டுகளின் முக்கியப் பகுதி அதற்கும் மேலேதானே? கரெக்ட். ஆனால் துருவப் பக்கம் காந்தக் கோடுகள் கீழே வளைந்து இறங்கும். வெளி பெல்ட் எலெக்ட்ரான்களும் அந்த வழியே இறங்கி வரும். துருவங்களைத் தாண்டிப் போகும் யூத்சாட்டுக்கு அவ்வளவு உயரம் ஏறத் தேவையே இல்லை!

சிதம்பரம் வந்துவிட்டது. தூரத்தில் கோபுரம். "அதோட அழகுக்கு இந்த மெசேஜ் எதுக்குடா?" என்றேன். நண்பன் சிரித்தபடி குரூப்பில் டைப் பண்ணினான்: 'செக் பண்ணியாச்சு, தப்பு!'

நான் இன்னும் தெரு மாமாவிடம் சொல்லவில்லை. அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போறதுக்குள்ள சொல்லிடணும்!