புது போன் வாங்கும் முன் இரண்டு சோதனைகள்

என் ஆண்ட்ராய்ட் போனைக் காலையில் முழுதாக சார்ஜ் செய்தாலும் மதியமே அணைந்துவிடும். புது மாடல் வாங்கலாமா என்று யோசித்தபோது, முதலில் இரண்டு விஷயங்களைச் சோதித்தேன். நீங்களும் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரியின் திறன், சார்ஜ் செய்யச் செய்யக் குறைந்துகொண்டே வரும். ஐபோன் 14 வரையிலான மாடல்களில், 500 முழு சார்ஜ்களுக்குப் பின் 80 சதவீதத் திறன் எஞ்சும் வகையில் பேட்டரி வடிவமைக்கப்பட்டுள்ளதாக ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. எனவே பேட்டரி தளர்ந்தால் அதை மட்டும் மாற்றினாலே போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது செக்யூரிட்டி அப்டேட். செட்டிங்ஸில் அபவுட் போன், பின்னர் ஆண்ட்ராய்ட் வெர்ஷன் எனத் தேர்ந்தெடுங்கள். கடைசி அப்டேட்டின் தேதி தெரியும். (சில போன்களில் இந்தப் பெயர்கள் சற்று மாறலாம்.) என் போனில் அந்தத் தேதி இரண்டு ஆண்டுகள் பழையது! புது பேட்டரி போட்டாலும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. அதே போனில்தான் வங்கிப் பணத்தையும் கையாள்கிறேன். அதனால் புது போன் வாங்க முடிவு செய்தேன்.

வாங்கும்போது கேமராவை விட, எத்தனை ஆண்டுகள் அப்டேட் கிடைக்கும் என்பதையே முதலில் கேட்டேன். 2024ல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கு 7 ஆண்டுகள் அறிவிக்கப்பட்டுள்ளது.

உங்கள் போனுக்கு அப்டேட் தொடர்ந்து வருகிறதா? அப்படியானால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பெரும் பணம் மிச்சம். மாற்றக் கொடுக்கும் முன், யு.எஸ்.பி. கேபிள் மூலம் படங்களைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்ய மறக்காதீர்கள்.