மழைக்காட்டில் காதுதான் முதல் கருவி

பறவை நோக்குதல் என்றதும் பைனாகுலரும் வண்ணப்படக் கையேடும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் அவை போதும். பறவை கண்ணெதிரே நிற்கிறது, பார்ப்பவருக்கும் நேரம் இருக்கிறது. இலங்கையின் தென்மேற்கில் உள்ள சிங்கராஜா போன்ற வெப்பமண்டல மழைக்காட்டில் நிலைமையே வேறு. மேல்விதானத்தைத் தாண்டித் தரைக்கு வந்து சேரும் வெயில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். நாலு திசையிலும் இலை. தலைக்கு மேலே முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் பறவை. அங்கே கண்ணை மட்டும் நம்பிப் போகிறவர் காட்டில் உள்ளதில் சிறு பகுதியைத்தான் காண்பார். ஆகவே, வெப்பமண்டலக் காட்டில் பறவை நோக்குதல் முதலில் கேட்கும் கலை, பிறகுதான் பார்க்கும் கலை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அந்த வரிசையிலேயே கற்பிக்க வேண்டும்.

இதற்கு இலங்கையே நல்ல சான்று. 1868-இல் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி கண்டறியப்பட்டது. அதன் பிறகு நூற்றாண்டுக்கு மேலாக அந்தத் தீவில் புதிய பறவையினம் எதுவும் கண்டறியப்படவில்லை. எல்லாம் தெரிந்தாகிவிட்டது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 1995-இல் கித்துல்கல மழைக்காட்டில் இரவில் ஒரு குரல் பறவையியலாளர் தீபால் வாரகாகொடவின் காதில் விழுந்தது. மெல்லிய, குறுகிய, இடைவெளி விட்டு வரும் ஒற்றை ஒலி. இலங்கைப் பறவைகளின் குரல்களை நன்கறிந்த அவருக்கு அது தெரிந்த எந்தப் பறவையுடையதாகவும் படவில்லை. அந்தக் குரலுக்குரிய பறவை கண்ணில் பட்டது 2001 ஜனவரியில், சிங்கராஜாவில். தலையில் கொம்புபோல் நிற்கும் இறகுக் குஞ்சம் இல்லாத, செம்பழுப்பு நிறச் சின்ன ஆந்தை அது. 2004-இல் வாரகாகொடவும் பறவையியலாளர் பமேலா ராஸ்முசனும் அதைப் புதிய இனமாக விவரித்து, சிங்கராஜாவை மரவெட்டிலிருந்து காக்கப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ கண்கள் தவறவிட்ட பறவையைக் காட்டிக்கொடுத்தது ஒரு காது.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அடர்ந்த காட்டில் இருக்கும் இடத்தைக் காட்ட நிறமும் அசைவும் பறவைக்கு அதிகம் உதவுவதில்லை. இணையை அழைக்கவும் எல்லையைக் காக்கவும் குரல்தான் கைகொடுக்கிறது. உயர்ந்த சுருதியில் வேகமாக அதிரும் ஒலி இலைகளில் பட்டுச் சிதறிவிடும். தாழ்ந்த சுருதியில் சீராக நீளும் சீழ்க்கை அதைவிடத் தூரம் போகும். பறவையியலாளர் யூஜீன் மார்ட்டன் பனாமாவில் காட்டுப் பறவைகளின் பாடலையும் திறந்தவெளிப் பறவைகளின் பாடலையும் ஒப்பிட்டு, இந்த வேறுபாட்டை 1975-இல் எடுத்துக்காட்டினார். எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தினாலும், வாழிடம் குரலை வடிவமைக்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. இலங்கைக்கே உரிய பச்சை அலகுச் செண்பகத்தையும் இலங்கைச் சுண்டங்கோழியையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதருக்குள்ளேயே வாழும் இவற்றைப் பார்ப்பதைவிடக் கேட்பது எத்தனையோ மடங்கு எளிது. மழைக்காட்டில் பறவைக் கணக்கெடுப்புச் செய்யும் ஆய்வாளர்களின் குறிப்பேட்டிலும் பெரும்பகுதி காதால் வந்த பதிவுதான்.

சிங்கராஜாவின் கலப்புக் கூட்டங்கள் இன்னொரு சான்று. பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரை தேடிச் செல்லும் இந்தக் கூட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ நாற்பது பறவைகள் இருக்கும்; இனங்கள் பத்துக்கு மேல். செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவியும் கொண்டைக் கரிச்சானும் கூட்டத்தின் நடுநாயகங்கள். சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் இங்கே செய்த ஆய்வுகளின்படி, ஆபத்தைக் கண்டு குரல் கொடுப்பதில் கரிச்சான் தவிட்டுக்குருவியைவிட நம்பகமானது. கரிச்சான் பிற இனங்களின் குரலையும் பாவனை செய்கிறது. அபாய வேளையில் வேட்டைப் பறவைகளின் குரலையும் மற்றவற்றின் எச்சரிக்கை ஒலியையும் எடுக்கிறது. அமைதியான வேளையில் அவற்றின் பாட்டை எடுக்கிறது. இந்தப் பாவனைக் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டபோது பிற இனப் பறவைகள் கூடுதலாக நெருங்கி வந்தன. கூட்டம் கட்டுக்கோப்பாக இருப்பது குரலால்தான். கண்ணால் மட்டும் தொடர்பவருக்கு அது கிளைக்குக் கிளை தாவும் சலசலப்பாகவே தெரியும்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். கரிச்சானே இப்படி ஏமாற்றுமானால் காதை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. ஆனால் பாவனை பெரும்பாலும் கரிச்சானின் சொந்தக் குரலோடு கலந்தே வரும். ஒரு துண்டைக் கேட்டதும் பெயர் எழுதாமல் சற்றுப் பொறுத்துத் தொடர்ச்சியைக் கேட்பவர் ஏமாறுவது குறைவு. கேட்டதாகச் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்பது இரண்டாவது மறுப்பு. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் அது வலுவான வாதம். இன்று கைபேசியில் பதிந்த ஒலியை அலைப்படமாக்கி யார் வேண்டுமானாலும் பரிசோதிக்கலாம். மங்கலான ஒரு புகைப்படத்தைவிடத் தெளிவான ஓர் ஒலிப்பதிவு உறுதியான சாட்சி. எனினும் கண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. அந்தச் சின்ன ஆந்தைகூடக் குரலால் மட்டும் புதிய இனமாகிவிடவில்லை. கண்ணில் பட்ட பிறகே ஏற்கப்பட்டது. காது வழிகாட்ட, கண் உறுதிசெய்ய வேண்டும் என்பதே முறை.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்ட பிறகு காதைப் பழக்குவானேன் என்பது மூன்றாவது மறுப்பு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தன் மெர்லின் செயலியில் இந்த வசதியை 2021-இல் சேர்த்தது. தொடக்கநிலையாளருக்கு அது பெருந்துணை. ஆனால் பயிற்றுவிக்கப்பட்ட குரலைத்தான் செயலி அறியும். மனிதர்கள் காட்டுக்குப் போய்ப் பதிந்து, பெயரிட்டுத் தந்ததுதான் அதன் பயிற்சி. வெப்பமண்டலத்தில் பதிவுகள் குறைவு, இனங்களோ அதிகம். 1995-இல் கித்துல்கலவில் ஒரு செயலி இருந்திருந்தால், பெயர் சொல்லாமல் விட்டிருக்கும் அல்லது தவறான பெயரைச் சொல்லியிருக்கும். தெரிந்த குரல்களுக்கு நடுவே தெரியாத ஒன்றை இனம் காண, பழகிய காது வேண்டும்.

கேட்பது வேறு, ஒலிக்கவிடுவது வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலித்துப் பறவையை வரவழைப்பது, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக அதை நம்பவைக்கும் செயல். இரை தேடவும் கூட்டைக் காக்கவும் வேண்டிய நேரத்தை அது வீண் சண்டையில் செலவிடுகிறது. ஆய்வுக்கு அளவோடு செய்ததைச் சுற்றுலாவுக்கு நாள்தோறும் செய்வதை ஏற்க முடியாது. காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பைனாகுலரைக் கழுத்திலேயே விட்டு, முதலில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். கேட்டதைப் பதிவுசெய்யுங்கள். தெரியாத குரலை அழித்துவிடாமல், இடமும் நேரமும் தேதியும் குறித்து, எல்லோரும் கேட்கக்கூடிய பொதுத் தொகுப்புகளில் சேர்த்துவிடுங்கள்.