அலைச் சிதறலில் ஓர் ஒழுங்கு

சோதனைக் கருவி காட்டும் அளவுகள் காரணமின்றி ஏறியும் இறங்கியும் வருமாயின், அதனைக் கருவியின் குற்றமென்று தள்ளிச் சராசரியை மட்டும் கொள்வது பலர்க்கும் வழக்கம். அவ்வாறு தள்ளப்படுவதிலும் உண்மை உறைதல் உண்டு என்பதைப் பௌதிக சாஸ்திரத்தினின்று ஈண்டுக் காட்டுவாம்.

நாற்கோண மேசையொன்றின் நடுவே வட்டத் தூண் நிற்பதாகக் கொள்வோம். விளிம்பிலுள்ள சிறு வாயில் வழியே உருட்டிய பந்து, தூணிலும் விளிம்பிலும் பலமுறை மோதிப் பின் வெளிப்படும். புறப்படும் திசை மயிரிழை மாறினும் அதன் வழி முற்றும் மாறிவிடும். பந்துக்குப் பதிலாக அலையைச் செலுத்தினாலோ, அது பற்பல வழிகளில் ஒருங்கே பரவி, வாயிலில் மீண்டும் கூடும். முகடு முகட்டோடு சேரின் வலிமை பெருகும். பள்ளத்தோடு சேரின் ஒடுங்கும். அதிர்வெண் சிறிது மாறினும் இக்கூட்டல் மாறுமாதலால், வெளிவரும் வலிமை ஓயாது நடுங்கும்.

ஒவ்வோர் ஏற்றத்தையும் முன்னறிந்து கூறல் அரிது. ஆயினும் அவற்றின் தொகுதிக்கு நியதி உண்டு. முறையின்றிக் கலக்கும் பல அலைகளின் கூட்டலை ராலே பிரபு 1880-இல் கணித்துக் காட்டினார். அதன்படி 100 அளவுகளில் ஏறத்தாழ 63 சராசரிக்குக் கீழும், 37 மேலும் அமையும்.

1960-இல் எரிக்ஸன் என்னும் அறிஞர் இக்கருத்தை அணுக்கருவிற்கும் பொருத்தினார். கருவில் பாயும் துகளும் அலையின் இயல்புடையதே. அது கருவினுள் சிறிது தங்கிப் பின் சிதறும். நெடிது தங்கினால், சக்தியின் மிகச் சிறு மாற்றமும் முகட்டைப் பள்ளமாக்கப் போதும். ஆகவே நடுக்கம் நெருங்கி வரும். விரைவில் நீங்கினால் அகன்று வரும். எனவே, நொடியைக் கோடி கோடி கூறாக்கினும் அதனினும் சிறிதான அத்தங்கு காலத்தை, நடுக்கத்தின் அகலமே அளந்து தருகின்றது. பின்வந்த சோதனைகள் இதனை மெய்ப்பித்தன.

மேசைப் பந்தின் ஒழுங்கற்ற சிதறலுக்கும் இந்நடுக்கத்துக்குமுள்ள தொடர்பை ப்ளூமெல், ஸ்மிலான்ஸ்கி என்னும் இருவர் 1988-இல் விளக்கினர். 1990-இல் உலோகக் கூட்டினுள் மைக்ரோ அலைகளைச் செலுத்தி இத்தகைய சிதறலைச் சோதனையிலும் கண்டனர்.

மாணவ நண்பர்காள்! நீங்கள் வரையும் கோடு நடுங்கக் கண்டால், உடனே அதனை நேராக்கிவிடாதீர்கள். மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். நடுக்கம் வேறாக வருமாயின் அது கருவியின் குற்றமாகலாம். அதுவே மீண்டும் வருமாயின், இயற்கை ஏதோ கூற முற்படுகின்றது என்று அறிந்து கொள்ளுங்கள்.