தானிய விலையேற்றமும் பட்டினியும்

நெல்லுக்கு விலை ஏறிற்று என்று கேட்டால் நிலமுடையவர் மனம் மகிழ்வது இயல்பே. உழவு, விதை, எரு, கூலி என்று ஆண்டு முழுதும் செலவு செய்து, மழையையும் பூச்சியையும் கடந்து களம் சேர்ந்த தானியத்துக்கு நல்ல விலை கிடைப்பதை யாரும் குறை கூறார். ஆயினும் அதே விலை, அந்த வயலில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள் ஆகியோரின் வீட்டு அடுப்பில் என்ன விளைவிக்கின்றது என்பதை நாம் கணக்கிட்டுப் பார்ப்பது அரிது. விலையேற்றம் எவ்வழியாய்ப் பட்டினியாக மாறுகின்றது, அதன் அடையாளங்கள் முதலில் எங்கே தோன்றும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அதற்குச் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறுவோம்.

தானியம் இருந்தும் நேர்ந்த பஞ்சம்

1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இலர். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானபடியால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வருஷம் அக்டோபர் மாதம் மிதுனபுரி ஜில்லாவைப் பெரும் புயல் தாக்கிற்று. யுத்தச் செலவினால் பணம் பெருகிற்று. மாகாணங்கள் தத்தம் தானியத்தை வெளியே விடாமல் தடுத்தன. எதிரி கைக்குப் போகலாகாது என்று கடலோர ஜில்லாக்களில் படகுகளைச் சர்க்கார் அகற்றியதால் மீனவர் பிழைப்பும் தானியப் போக்குவரத்தும் குலைந்தன. இவை யாவும் சேர்ந்து விலையை ஏற்றின. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் வங்காள மணங்கு ஒன்றுக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, 13 அல்லது 14 ரூபாயாயிருந்த அரிசி, 1943 மார்ச்சில் 21 ரூபாயும், மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேலும், ஆகஸ்டில் 37 ரூபாயும் ஆயிற்று.

சர் ஜான் உட்ஹெட் தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் 1945-ல் வெளியிட்ட அறிக்கையில், சுமார் 15 லட்சம் பேர் மாண்டனர் என்று கணித்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சம் வரை கூறுகின்றனர். இத்தனைக்கும் விளைச்சல் அறவே பொய்த்துவிட்டதா என்றால், அன்று என்பதே பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிவு. 1943-ல் வங்காளத்துக்குக் கிடைத்த தானியம், முந்திய ஐந்து வருஷங்களின் சராசரியைக் காட்டிலும் நூற்றுக்கு 5 பங்கே குறைவென்றும், பஞ்சமில்லாத 1941-ம் வருஷத்தைக் காட்டிலும் நூற்றுக்கு 13 பங்கு அதிகமென்றும் அவர் கணக்கிட்டார். தானியம் களஞ்சியங்களில் இருந்தது. அதை வாங்கும் சக்தி ஜனங்களில் ஒரு பகுதியாரிடம் இல்லாமற் போயிற்று.

கூலியின் கணக்கு

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவனுடைய ஒரு நாட் கூலிக்கு 5 படி அரிசி வாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அரிசி விலை மூன்று மடங்கு ஆகின்றது. கூலியோ கால் பங்கு மட்டும் உயர்கின்றது. இப்போது அதே கூலிக்குக் கிடைப்பது 2 படிக்குச் சற்றே அதிகம். அவன் உழைப்பில் யாதொரு குறைவும் இல்லை, கையில் பெறும் காசும் முன்னிலும் அதிகம். ஆயினும் அவன் குடும்பம் பாதிக்கு மேற்பட்ட உணவை இழந்துவிட்டது.

வங்காளத்தில் நேர்ந்ததும் இதுவே. காசுக் கூலி பெற்ற விவசாயக் கூலியாட்களும், மீனவர்களும், படகு வண்டித் தொழிலாளரும், கிராமக் கைத்தொழிலாளரும் முதலில் வீழ்ந்தனர். அரிசிக்கே காசு போதாத காலத்தில் ஜனங்கள் மீனையும் பாலையும் வாங்குவதில்லை, க்ஷௌரத்தையும் தள்ளிப்போடுவர். ஆகவே இத்தொழிலாளரின் வரும்படி, அரிசி விலை ஏற ஏறக் குறைந்தே வந்தது. விளைச்சலில் பங்கு பெற்ற வாரக் குடிகள் அவ்வளவு துன்புறவில்லை. கூலியாளுக்கும் வாரக் குடிக்கும் சாதாரண காலத்தில் வறுமையில் பெரும் வேற்றுமை இல்லை. ஒருவனுக்குக் காசும் மற்றவனுக்குத் தானியமும் கிடைத்தது என்ற வேற்றுமையே அவ்வருஷத்தில் உயிர்களைப் பிரித்தது. இது நிலமுடையோர் மிகவும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

விலையேற்றம் குடியானவருக்கு லாபமன்றோ?

இவ்வாறு சிலர் வினவக்கூடும். விற்பது அதிகமாயும் வாங்குவது குறைவாயும் உள்ளவருக்கு லாபமே. ஆனால் ஏழை நாடுகளின் கிராமங்களில் சிறு நிலம் வைத்திருப்போர் பலர், ஆண்டு முழுமைக்கும் கூட்டிக் கழித்தால் விற்பதைவிட வாங்குவதே அதிகமாயிருக்கின்றது. அவர்கள் கடனுக்காகவும் வரிக்காகவும் அறுவடையானவுடன் மலிவான விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த அறுவடைக்கு முன் உள்ள நெருக்கடி மாதங்களில் அதே தானியத்தை ஏறின விலைக்கு வாங்குகின்றனர். நாளடைவில் கூலியும் உயர்ந்து விலையை எட்டுவதுண்டு என்று சில நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டுவது உண்மை. ஆனால் அதற்கு மாதங்களும் வருஷங்களும் செல்லும். வயிறு அவ்வளவு காலம் பொறுத்திராது.

பானையில் முதலில் குறைவது யாது?

வங்காளத்தில் கண்டது போன்ற மரணங்கள் மிகக் கடைசியான நிலையாகும். அதற்கு முன்னரே, வெளியார் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கேடு வீட்டினுள் நிகழ்கின்றது. அதுவே போஷணைக் குறைவு. இதற்கு இந்தோனேஷியா தக்க சான்று. 1997-ம் வருஷ மத்தியில் ஒரு டாலருக்கு 2,400 ரூபியா அளவிலிருந்த அந்நாட்டு நாணயம், 1998-ல் 10,000-க்கும் கீழாய் மதிப்பிழந்தது. வறட்சியும் சேர்ந்தது. அரிசி விலை வெகுவாய் ஏறிற்று. அக்காலத்தில் மத்திய ஜாவா கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் பரிசோதித்தவர்கள், குழந்தைகளின் நிறை குறையாதிருக்கக் கண்டு, முதலில் கேடில்லை என்று எண்ணத்தக்க நிலையிலிருந்தனர். ஆனால் இரத்தத்தைச் சோதித்தபோது குழந்தைகளிடம் சோகை மிகுந்திருந்தது, தாய்மார் மெலிந்திருந்தனர். அரிசியைக் குறைக்க மனமில்லாத குடும்பங்கள் முட்டையையும் கீரையையும் நிறுத்தியிருந்தன. தாய்மார் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அன்னமிட்டனர். அந்நெருக்கடியில் கருவுற்றுப் பிறந்த குழந்தைகளுக்குச் சோகை மிக அதிகமாயிருந்தது.

வங்காள தேசத்தில் 1992 முதல் 2000 வரை நடந்த பரிசோதனைகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. அரிசிக்காகக் குடும்பங்கள் செய்த செலவு குறைந்தபோது, உண்ட அரிசியின் அளவு மாறவில்லை. மிஞ்சிய காசு மற்ற உணவுகளுக்குச் சென்றது. நிறை குறைந்த குழந்தைகளின் தொகையும் குறைந்தது. ஆகையால் தானிய விலையேற்றத்தின் முதல் அடி சோற்றின்மேல் விழுவதில்லை, குழம்பின்மேல் விழுகின்றது. பருப்பும் மீனும் பாலும் காய்கறியும் தட்டைவிட்டு நீங்குகின்றன. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும்வரை இச்சத்துக்களை இழந்த குழந்தை உயரத்திலும் அறிவிலும் குன்றும். பின்னர் விலை இறங்கினாலும் அக்குறை பெரும்பாலும் நிவர்த்தியாவதில்லை.

அச்சம் ஏற்றிய விலை

சமீப காலத்திலும் உலகம் இப்பாடத்தைக் கற்றது. 2007-ம் வருஷத்தில் உலக நெல் விளைச்சல் குறையவில்லை. ஆயினும் கோதுமையும் எண்ணெயும் விலை ஏறக் கண்டு, 2007 அக்டோபரில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று. வியத்நாமும் அவ்வாறே செய்தது. அஞ்சிய பிலிப்பைன்ஸ் சர்க்கார் எவ்விலைக்கும் வாங்க முற்பட்டது. 2008-ன் தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு 400 டாலருக்குக் குறைவாயிருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களுக்குள் 1,000 டாலரை எட்டிற்று. தன் தேவையில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஹைத்தி நாட்டில் ஜனங்கள் கலகம் செய்தனர். 2008 ஏப்ரலில் அந்நாட்டுப் பிரதம மந்திரி பதவி இழந்தார். விலையேற்றத்தால் 10 கோடி பேர் கொடிய வறுமையில் வீழக்கூடும் என்று உலக வங்கியின் தலைவர் அப்போது எச்சரித்தார். ஜப்பான் தன் கையிருப்பு அரிசியை வெளிவிடக் கூடும் என்ற செய்தி பரவியதும் விலை இறங்கத் தொடங்கிற்று. வீட்டில் ஒருவர் பதுக்கினால் தெருவில் விலை ஏறுவது போன்று, நாடுகள் பதுக்கினால் உலகில் விலை ஏறுகின்றது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஐந்து காரியங்கள் பெறப்படும்.

1. விலை ஏறும் காலத்தில் கூலியின் ஒரு பகுதியையேனும் தானியமாக அளப்பது நலம். அல்லது கூலியைத் தானிய விலையோடு சேர்த்து உயர்த்த வேண்டும். உடல் நலிந்த ஆளால் நடவும் களையெடுப்பும் செவ்வனே நடவா என்பதால், இது நிலமுடையோரின் சொந்த நன்மையுமாகும்.

2. வரப்பிலும் அறுவடைத் தாளடியிலும் உளுந்து, பயறு, துவரை விதைத்தும், நீர் செல்லும் இடங்களில் கீரை, முருங்கை வளர்த்தும், அவற்றில் ஒரு பகுதியைக் கிராமத்திலேயே விற்கவேண்டும். குழம்பைக் காப்பதே குழந்தையைக் காப்பதாகும்.

3. சிறு குடியானவர் அறுவடையன்றே யாவற்றையும் விற்றுவிடாதபடி, கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தானிய ஈட்டின்மேல் கடன் பெற வழி செய்யலாம்.

4. கிராம அதிகாரிகள், சந்தையின் தானிய விலையோடு, ஒரு நாட் கூலிக்கு எத்தனை படி அரிசி கிடைக்கின்றது என்பதையும் மாதந்தோறும் குறித்துவரவேண்டும். விளைச்சல் கணக்கு காட்டாத ஆபத்தை இவ்வெண் காட்டும்.

5. பருப்பு விற்பனை குறைதல், ஆடு மாடுகளும் பாத்திரங்களும் அதிகமாய் விலைக்கு வருதல், ஜனங்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு நீங்குதல் ஆகிய இவை காணப்பட்டவுடனே மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் முதலில் விசாரிக்கவேண்டும்.

வங்காளத்தில் 1943 இறுதியில் நல்ல அறுவடை களம் சேர்ந்தது. ஆயினும் நலிந்த உடல்களை மலேரியாவும் காலராவும் வைசூரியும் பற்றியதால் 1944-லும் மரணங்கள் நிற்கவில்லை. அவ்வறுவடைக்கு மாதங்களுக்கு முன்னரே கூலியும் அரிசியும் ஒன்றையொன்று விட்டு விலகிவிட்டன. அவ்விலகலை அன்றே குறித்து அறிவித்து, தானியமாகக் கூலி அளந்திருந்தால் பல குடும்பங்கள் பிழைத்திருக்கும். களஞ்சியத்தின் அளவை நோக்கும் கண், கூலியாளின் படியையும் நோக்குமாயின், விலை ஏறிய வருஷமும் பஞ்ச வருஷமாக மாறாது.