மின்விசை இரம்பம்

மின்விசை இரம்பம் (பவர் ஹாக்ஸா) என்பது இரும்புக் கம்பி, குழாய் போன்றவற்றை மோட்டார் விசையால் அறுக்கும் இயந்திரம் ஆகும். தெற்கு ரயில்வேயின் பொறியியல் பணிமனை அமைந்துள்ள அரக்கோணம் போன்ற ஊர்களின் இரும்புப் பட்டறைகளில் இது பழக்கமான கருவி.

இதன் முக்கிய ஆபத்து, அலகு (பிளேடு) உடைந்து தெறிப்பது. எனவே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அலகில் விரிசலோ பல்முறிவோ உள்ளதா, அது விறைப்பாக உள்ளதா, எர்த் கம்பி சரியாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பொருளை வைஸில் இறுகப் பிடிக்க வேண்டும். குறைந்தது 3 பற்களாவது உலோகத்தில் படிய வேண்டும். ஆகவே மெல்லிய குழாய்க்கு நெருக்கமான பற்கள் கொண்ட அலகே ஏற்றது.

பாதியில் அலகை மாற்றினால், பழைய வெட்டிலேயே தொடரக் கூடாது. தேய்ந்த அலகின் வெட்டு குறுகலானது. புதிய அலகு அதில் சிக்கி உடையும். பொருளைத் திருப்பி வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அளவெடுப்பதும் துண்டை அகற்றுவதும் இயந்திரம் முழுமையாக நின்ற பிறகே.